ஏழு வருடமாக ஒரு மின்வாசிப்பானில் கதை படிக்கிறேன்

மின்புத்தகம் படிப்பதற்கென்றே உள்ள கருவி, 2018 ஜனவரியில் வாங்கியது. ஆறு அங்குலத் திரை, கறுப்பு வெள்ளை. வலது மூலையில் ஒரு விரிசல். தஞ்சாவூர் பாசஞ்சரில் கதவோரம் நின்று படித்துக்கொண்டிருந்தபோது கைநழுவி விழுந்தது. புதிதில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை சார்ஜ் போட்டால் போதும். இப்போது நாலு நாள் தாங்கினால் பெரிய விஷயம். மற்றபடி உழைக்கிறது. எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. நான் சொல்ல நினைப்பது கருவியைப் பற்றிப் பாதி, அதில் கதை படித்துப் பழகியதில் எனக்கு என்ன ஆனது என்பது மீதி.

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போக ஒரு மணி நேரம் பிடிக்கும். போகும்போது ஒரு சிறுகதை, வரும்போது ஒன்று. நாவலெல்லாம் ராத்திரி, வீட்டில். ரயிலில் உட்கார இடம் கிடைக்காத நாட்களில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் பக்கம் திருப்ப முடிகிறதே, அதற்காகவே கொடுத்த காசு தகும்.

வாங்கியபோது இருந்த பயம், தமிழில் படிக்க என்ன கிடைக்கும் என்பதுதான். பயப்பட்டிருக்க வேண்டாம். நம் ஊரில் எழுத்தாளர்களின் படைப்புகளை அரசு நாட்டுடைமை ஆக்குகிறது. குடும்பத்துக்கு ஒரு தொகை கொடுத்துவிட்டால் அப்புறம் அந்த எழுத்தை யார் வேண்டுமானாலும் பதிப்பிக்கலாம். இல்லாவிட்டாலும் எழுதியவர் மறைந்து அறுபது ஆண்டு கழிந்தால் காப்புரிமை போய்விடும். 1998இல் தொடங்கிய, தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்துக்காகத் தன்னார்வலர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்த நூல்கள் ஒரு பக்கம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஒளிவருடிய, அதாவது ஸ்கேன் செய்த, பழைய புத்தகங்கள் ஒரு பக்கம். முதல் ஒரு வருடம் நான் எதையும் காசு கொடுத்து வாங்கவே இல்லை.

ஒளிவருடிய பிடிஎஃப் ஆறு அங்குலத் திரைக்கு ஒத்துவராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கருவியைக் கிடைமட்டமாகத் திருப்பி, ஒரு பக்கத்தை மூன்று தவணையாகப் படிக்க வேண்டியிருக்கும். ஆனால் அந்தப் பழைய பிரதிகளில் ஒரு லாபம் உண்டு. கடைசிப் பக்கத்தில் ‘எங்கள் பிற வெளியீடுகள்’ என்று ஒரு பட்டியல் இருக்கும். பேர் கேள்விப்பட்டே இராத ஆட்கள், விலை இரண்டரை ரூபாய், மூன்று ரூபாய். அந்தப் பட்டியலைப் பிடித்துக்கொண்டு தேடப் போய் எனக்குக் கிடைத்த கதைக்காரர்கள் ஐந்தாறு பேர் இருப்பார்கள். எந்தப் பரிந்துரையும் என்னை அங்கே கொண்டுபோய் விட்டிருக்காது. மின்னூல் விற்கும் இணையக் கடை காட்டும் பரிந்துரை, நேற்று என்ன படித்தேனோ அதையே இன்றும் படிக்கச் சொல்கிறது.

புதிய புத்தகங்களுக்கு இலவச மாதிரி தருகிறார்கள். தமிழில் அது பெரும்பாலும் வீண். முதல் சில பக்கங்கள்தானே மாதிரி? பதிப்புரை, அணிந்துரை, வாழ்த்துரை, என்னுரை, நன்றி எல்லாம் முடிந்து ‘ஒன்று’ என்று அத்தியாய எண் தெரியும்போது மாதிரி முடிந்துவிடும். ஒருமுறை ஒரு நாவலுக்கு மூன்று பேருடைய புகழுரையைப் படித்தேன், நாவலில் ஒரு வரி படிக்கவில்லை. இப்போதெல்லாம் அப்படிப்பட்டதைப் பகுதி நூலகத்தில் எடுத்து, நடுவில் எங்கேயாவது பிரித்து இரண்டு பக்கம் படித்துப் பார்த்துவிட்டுத்தான் மின்பிரதி வாங்குகிறேன்.

எழுத்துருவைப் பற்றி. தமிழ்ச் சொற்கள் நீளம். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் ‘போய்க்கொண்டிருந்தவர்களையெல்லாம்’ என்ற ஒரு சொல்லே வரியை நிறைத்துவிடும். என் கருவிக்குத் தமிழ்ச் சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகத் தெரியாது. அதனால் முந்தின வரியில் மாட்டிய இரண்டு சொற்களை இரண்டு ஓரத்துக்கும் இழுத்துக் கட்டிவிடும். நடுவில் மாட்டுவண்டி போகலாம். இடப்பக்கம் மட்டும் ஒட்டி வரும்படி அமைப்பை மாற்றினால் கண்ணுக்கு இதம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன்.

இன்னும் பழகாத ஒன்று உண்டு. காகிதப் புத்தகத்தில் வலது கையில் எவ்வளவு கனம் மிச்சம் என்பது விரலுக்குத் தெரியும். முடியப்போகிறது என்று மனசு தானாகத் தயாராகும். இங்கே கீழே சதவீதம் ஓடுகிறது, அதுவும் நம்பும்படி இல்லை. ஒரு நாவல் 91 சதவீதத்தில் முடிந்தது. மீதி முழுக்க விளம்பரமும் நூல் பட்டியலும். அடுத்த அத்தியாயத்தில் அவள் திரும்பி வருவாள் என்று பக்கம் திருப்பினேன், பதிப்பகத்தின் முகவரி வந்தது.

அம்மா மதியத்தில் இதை எடுத்துப் படிப்பாள். எழுத்தை வேண்டுமளவு பெரிதாக்கலாம் என்று தெரிந்த நாளிலிருந்து கண்ணாடி தேடுவதில்லை. ஒருநாள் நான் உள்ளே நுழையும்போதே கேட்டாள்: “ஏண்டா, இந்தக் கதை இதோட முடிஞ்சிருச்சா, இல்ல அடுத்த பக்கம் வர மாட்டேங்குதா?” சட்டென்று முடியும் கதைதான், கருவியில் கோளாறு இல்லை. “அப்ப அந்தப் பொண்ணு போனாளா, போகலையா?” என்றாள். அன்று ராத்திரி சாப்பாடு முழுக்க அதே பேச்சு.

அடிக்கோடுகள் விஷயத்துக்கு வருகிறேன். விரலை வைத்து இழுத்தால் வரி சாம்பல் நிறமாகும், தானாக ஒரு கோப்பில் போய்ச் சேரும். முதல் இரண்டு வருடம் வெறிபிடித்த மாதிரி கோடு போட்டேன். 2020 ஊரடங்கில் வீட்டில் சும்மா இருந்தபோது அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தேன். அறுநூறு வரிகளுக்கு மேல். எல்லாம் பொன்மொழி. வாழ்க்கை இப்படி, அன்பு அப்படி, மனிதர்கள் இப்படித்தான். எந்த வரி எந்தக் கதையில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. நாட்காட்டியில் கிழித்த தாள்களைக் குவித்து வைத்த மாதிரி இருந்தது.

அதில் ஒன்று ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையின் கடைசியில் கடவுள் சொல்வது. கதையின் சாரமே அதுதான் என்று கோடு போட்டிருந்தேன் போலிருக்கிறது. 1948இலேயே போய்விட்ட புதுமைப்பித்தன் எழுதியது, அவரும் நாட்டுடமையானவர்தான், கருவியில் எப்போதும் கிடக்கும். மறுபடி முதலிலிருந்து படித்தேன். பிராட்வே சந்தியில் கந்தசாமிப் பிள்ளை நின்று தீவிரமாக யோசிக்கிறார். டிராமில் போனால் மிஞ்சும் காலணாவில் வெற்றிலை பாக்கு. பஸ்ஸில் கண்டக்டரை ஏமாற்றி ஸென்ட்ரலைத் தாண்டிய அப்புறம் டிக்கெட் வாங்கினால் அரைக் கப் காப்பி, ஆனால் வெற்றிலை கிடையாது. கடவுள் வந்து குறுக்கிடுவது இந்தக் கணக்கின் நடுவில்! முதல் தடவை இந்த இடத்தை நான் தாண்டிக் குதித்திருக்கிறேன். கோடு போடுவதற்கு இதில் ஒரு வரியும் இல்லை, அதுதான் காரணம். ஆள் முழுசாக அந்தக் கணக்கிலேயே வந்து நிற்கிறார்.

அதற்குப் பிறகு புனைவில் கோடு போடுவதை நிறுத்திவிட்டேன். கட்டுரை நூல்களுக்கு அந்த வசதி பிரமாதம், குறை சொல்ல மாட்டேன். கதைக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். கதை முடிந்ததும் எழுதாமல், மறுநாள் காலையில் எழுதுகிறேன். ராத்திரி தூங்கி எழுந்தும் என்ன நிற்கிறதோ அது மட்டும், மூன்று வரி. பெரும்பாலும் ஒரு பொருள்தான் நிற்கிறது: ஈரத் துண்டு, மூடாத கதவு, யாரும் எடுத்துக் குடிக்காத மோர். சில கதைகளுக்குத் தேதி மட்டும் இருக்கிறது, கீழே ஒன்றும் இல்லை. அதில் ஒன்றிரண்டு ரொம்பக் கொண்டாடப்பட்டவை.

வாங்கலாமா என்று கேட்டால், ரயிலில் போய்வருகிறவர்களும் கண் மங்கியவர்களும் யோசிக்காமல் வாங்கலாம். பழைய இதழ்களையும் ஒளிவருடிய புத்தகங்களையும் படிப்பதற்கென்றே வாங்குவதானால் இந்த ஆறு அங்குலம் வேண்டாம், கூடுதல் காசு போட்டுப் பெரிய திரையாகப் பாருங்கள்.

போன மாதம் அந்தக் கந்தசாமிப் பிள்ளை கதையை அம்மாவுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன். கடவுளைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சாயங்காலம் காப்பியை நீட்டிக்கொண்டே, “அந்த மனுஷன் கடைசியில வெத்தல போட்டாரா இல்லையாடா?” என்றாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கருவியை வாங்கி முதல் பக்கத்திலிருந்து திருப்ப ஆரம்பித்தேன்.