ஆண்டு விழாவில் துண்டு விழுந்தால்: மூடுவதா, மறுப்பதா, வாசிப்பதா?

போன மாசியில் எங்கள் பள்ளி ஆண்டு விழா முடிந்த மறுநாள் காலையிலேயே பந்தல்காரர் என் கடை வாசலில் வந்து நின்றார். மன்னார்குடிப் பக்கம் சின்ன ஊர். நான் உரக்கடை வைத்திருக்கிறேன், பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்குப் பொருளாளர். கூட்டத்தில் பேசி முடித்த செலவு 40,000. வந்து சேர்ந்த சீட்டுகளைக் கூட்டினால் 56,500. விழா வேலையை எல்லாம் தலையில் போட்டுக்கொண்டு செய்த அண்ணன், எல்இடி திரைக்கு 9,000, துணிப் பந்தலைத் தகரப் பந்தலாக மாற்றியதில் 4,500, பொன்னாடை நான்குக்குப் பதில் பதினாறு வாங்கியதில் 3,000 என்று இழுத்துவிட்டிருந்தார். யாரிடமும் கேட்கவில்லை. 16,500 துண்டு.

எங்கள் முன்னால் மூன்று வழி இருந்தது.

முதல் வழி, கழகக் கணக்கில் இருந்து சத்தமில்லாமல் கொடுத்து மூடிவிடுவது. தலைவருக்கு இதுதான் பிடித்தது. “நல்ல மனுஷன், ஆசையில செஞ்சுட்டார், விடுங்க” என்றார். மனஸ்தாபம் வராது, ஒரே நாளில் வேலை முடியும். ஆனால் அது நூறும் இருநூறுமாகப் பெற்றோர் கொடுத்த பணம். அறுவடைக் கூலியில் இருந்து கொடுத்தவர்களும் அதில் உண்டு. அவர்கள் கேட்டால் என்ன சொல்வது? இதற்கு மேல் இந்த வழியைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

இரண்டாவது, “நாங்க சொல்லலையே, நீங்களே கட்டிக்கங்க” என்று கைவிரிப்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். குழுவில் இரண்டு பேர் இதில் உறுதியாக நின்றார்கள். நானும் முதல் நாள் அந்தப் பக்கம்தான்.

என் மனசை மாற்றியது அந்தப் பந்தல்காரர். அவர் அண்ணனுக்குப் பந்தல் போடவில்லை, பள்ளிக்கூடத்துக்குப் போட்டார். கழகத்தின் ஆள் வந்து தகரம் போடச் சொன்னார், போட்டார். முந்தின நாள் தூறல் வேறு. நாம் கைவிரித்தால் அவர் பணத்துக்கு அண்ணன் வீட்டுக்கும் என் கடைக்கும் நடையாய் நடக்க வேண்டும். எங்கள் சுற்றுவட்டாரத்தில் பந்தல் போடுகிறவர்கள் மூன்று பேர். ஒருவருக்குப் பாக்கி வைத்தால் அடுத்த முறை மூன்று பேருமே முன்பணம் கேட்பார்கள். அதோடு, தவறு செய்தது நம் ஆள், தண்டனை மட்டும் வெளியாளுக்கா? கடைக்காரர் பாக்கி வேறு, அண்ணனோடு நமக்குள்ள வழக்கு வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால்தான் இரண்டு நாள் பேசியும் முடிவு வரவில்லை என்று பிறகு புரிந்தது.

அதனால் மூன்றாவது வழிக்கு வந்தோம். வெளியாட்களுக்கு அன்றே முழுப் பாக்கியையும் கொடுத்துவிட்டு, அடுத்த கூட்டத்தில் கணக்கை வரி வரியாக வாசிப்பது. கோயில் திருவிழா முடிந்ததும் வரவு செலவு வாசிப்பதில்லையா, அதே முறைதான். பேராவூரணிப் பக்கம் மொய் விருந்தில் சொந்த அண்ணன் தம்பி வைத்த பணத்தையும் நோட்டில் எழுதித்தான் வாங்குவார்கள். எழுதுவதால் அங்கே உறவு கெட்டுப்போவதில்லை.

வாசிப்பதற்கு முந்தின நாள் நானே அண்ணன் வீட்டுக்குப் போய், “நாளைக்கு இப்படித்தான் வாசிக்கப் போறேன்” என்று சொன்னேன். இதைச் செய்யாமல் நேரே சபையில் போட்டு உடைத்திருந்தால் மனுஷன் மறுபடி பள்ளிக்கூடப் படி ஏறியிருக்க மாட்டார். முகம் சுருங்கிப் போச்சு, ஆனால் கூட்டத்துக்கு வந்தார்.

தகரப் பந்தலைக் கூட்டம் ஒப்புக்கொண்டது; தூறல் அன்று கேட்டிருந்தால் நாங்களே சரி என்றிருப்போம். பொன்னாடைப் பணம் 3,000-ஐ அண்ணன் தானே தருவதாகச் சொன்னார். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒரு பிள்ளையின் அப்பா 5,000 அனுப்பினார். மீதி 4,000 அடுத்த வருஷக் கணக்கின் முதல் வரியில் உட்கார்ந்திருக்கிறது. அது எனக்கு இன்னும் உறுத்தல்தான்.

இது எல்லாருக்கும் ஒத்துவருமா என்றால், பணத்தை எடுத்துக்கொண்ட ஆளிடம் இந்த முறை செல்லுமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எங்கள் அண்ணனிடம் எல்லாச் செலவுக்கும் சீட்டு இருந்தது. துண்டு லட்சத்தைத் தொட்டிருந்தால் இவ்வளவு நிதானமாகப் பேசியிருப்போமா என்பதும் சந்தேகம். பள்ளி மேலாண்மைக் குழுவோடும் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த குழு அது. நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான் என்றாலும் அங்கே வரும் அரசுப் பணத்தில் இப்படிப் பேசித் தீர்க்கிற வேலையே கூடாது.

அண்ணனை ஒதுக்கிவிடலாம் என்றும் ஒரு பேச்சு வந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கிவர வேறு யார் இருக்கிறார்கள்? ஒதுக்காமல், கையில் ரொக்கம் கொடுப்பதை மட்டும் நிறுத்தினோம். விலை பேசுவது அவர், பணம் கடைக்காரர் கணக்குக்கு நேரே போகும். தலைவரும் நானும் கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாத ஆர்டருக்குக் கழகம் பொறுப்பில்லை என்று பந்தல், மைக் செட், சமையல் எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டோம். கொட்டேஷன் வரியோடா வரியில்லாமலா என்று கேட்டு எழுதுவதும் இப்போதுதான் பழகியிருக்கிறது. பந்தல் வாடகை 14,000 என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 16,520. அந்த வித்தியாசத்திலேயே 2,520 துண்டு விழும்.

இந்த வருஷமும் எல்இடி திரை வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். கொட்டேஷன் வாங்கிவர மன்னார்குடிக்கு அண்ணனைத்தான் அனுப்பியிருக்கிறோம்.