எஸ்இலினக்ஸ ஆஃப் பண்ணாமலே ஃபைல் சர்வரும் வெப் சர்வரும்: மண்ணடி ஆபீஸ்ல ஓட்டிப் பாத்த ரிவ்யூ

மண்ணடி லிங்கிச் செட்டி தெருவுல ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீசுக்கு சர்வர் போட்டுக் குடுத்து பாத்துட்டிருக்கேன். ஒரே மெஷின், அல்மாலினக்ஸ் 9 (ரெட்ஹாட் வழில வர்ற இலவச லினக்ஸ்), ஸ்டாஃப் ஃபைல் வெக்க சம்பா ஷேர் (விண்டோஸ் பிசிலேர்ந்து தொறக்கற பொது ஃபோல்டர்), பார்ட்டிங்க அவங்க டாக்குமென்ட்ட பாத்துக்க அப்பாச்சி வெப் சர்வர்ல ஒரு சின்ன பேஜ். நான் இங்க எழுதறது அந்த லினக்ஸுக்குள்ளயே வர்ற எஸ்இலினக்ஸ்ங்கற பாதுகாப்பு பூட்டு பத்தி மட்டும்தான், ஏன்னா நான் பாத்த பாதி வீடியோல சர்வர் செட்டப்னாலே முதல் வேலையா அத டிஸேபிள் பண்ணிடுங்கன்னுதான் சொல்லித் தராங்க, இந்த ஆபீஸ்ல எனக்கு முன்னாடி போட்டவரும் அப்படித்தான் பண்ணிட்டுப் போயிருந்தாரு. எனக்கு அதுல சுத்தமா உடன்பாடு இல்ல.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா. சிஹெச்மோட் கமாண்டுல வெக்கற சாதாரண பர்மிஷன்ல ஃபைலோட ஓனர் யாருக்கு வேணா தொறந்து விட்டுடலாம். எஸ்இலினக்ஸ் அதுக்கு மேல இன்னொரு கதவு, அப்பாச்சி ரூட்டாவே ஓடினாலும் பாலிசில எழுதியிருக்கறத மட்டும்தான் தொட முடியும், ஓனர் நெனச்சாலும் மாத்த முடியாது. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஃபோல்டருக்கும் ஒரு லேபிள் ஒட்டியிருக்கும், எந்த சர்வீஸ் எந்த லேபிள தொடலாம்ங்கற விதிங்கதான் பாலிசி. அமெரிக்காவோட உளவு அமைப்பு என்எஸ்ஏ எழுதி 2000 டிசம்பர்ல வெளிய விட்டது, 2003-ல லினக்ஸ் கர்னலுக்குள்ள வந்துடுச்சு. ஆண்ட்ராய்டு 5.0-லேர்ந்து எல்லா ஃபோன்லயும் முழுசா என்ஃபோர்சிங்ல, அதாவது நெஜமாவே தடுக்கற மோட்ல, ஓடுது, அதனால இது ஏதோ பெரிய பேங்குக்கு மட்டும்தான்னு நெனைக்காதீங்க.

சரி நம்ம ஆபீசுக்கு ஏன் வேணும்? பில் ஆஃப் என்ட்ரி, இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பிஎல் (பில் ஆஃப் லேடிங்) காப்பி எல்லாம் ஒரே ஷேர்ல, எல்லாரும் எழுதலாம், வேற வழியும் இல்ல ஏன்னா ஒருத்தர் ஸ்கேன் பண்ணுவாரு இன்னொருத்தர் ஃபைல் பண்ணுவாரு. இந்த மாதிரி எழுதக்கூடிய ஷேரத்தான் 2017 மே மாசம் வந்த சம்பா ஓட்டை குறி வெச்சுது, சம்பாக்ரைன்னு பேரு வெச்சாங்களே அது. ஷேருக்குள்ள ஒரு லைப்ரரி ஃபைல போட்டு சம்பாவையே அத லோடு பண்ண வெச்சா போதும், சர்வர் கைய விட்டுப் போயிடும். 3.5 வெர்ஷன்லேர்ந்து இருந்த ஓட்டை. ரெட்ஹாட் மெஷின்ல எஸ்இலினக்ஸ் டீஃபால்ட் பாலிசியோட ஆன்ல இருந்தவங்களுக்கு அது நடக்கல, ஏன்னா சம்பா தன்னோட மாட்யூல் ஃபோல்டருக்கு வெளியேர்ந்து எதையும் லோடு பண்ணக் கூடாதுன்னு பாலிசிலயே இருந்துச்சு. பேட்ச் வர்றதுக்கு முன்னாடியே தடுத்த விஷயம் இது. நான் ஆன்லதான் வெப்பேன்னு பிடிவாதமா நிக்கறதுக்கு இது ஒண்ணு போதும்.

இப்ப உண்மையான வேலைக்கு வரேன். இடம் பத்தலன்னு புது டிஸ்க் ஒண்ணு போட்டு, எக்ஸ்எஃப்எஸ் ஃபார்மேட் பண்ணி, டாக்ஸ்னு ஒரு ஃபோல்டர்ல மவுன்ட் பண்ணி, ஷேரும் குடுத்தாச்சு. உடனே அக்கவுன்ட்ஸ் பையன் ஃபோன், "இன்னாண்ணா, ஷேர் பேரு தெரியுது, கிளிக் பண்ணா பர்மிஷன் இல்லங்குது." ஓனர், குரூப், சிஹெச்மோட் எல்லாம் சரியாத்தான் இருக்கு. எல்எஸ் கமாண்டுல பெரிய இஸட் போட்டுப் பாத்தா அந்த ஃபோல்டருக்கு அன்லேபிள்ட்_டி-ன்னு நிக்குது. புது டிஸ்க்குக்கு லேபிள் கெடையாது, லேபிள் இல்லாதத சம்பா தொடாது, அவ்ளோதான் விஷயம். செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் கமாண்டுல அந்த ஃபோல்டருக்கும் உள்ள இருக்கற எல்லாத்துக்கும் சம்பா_ஷேர்_டி-ன்னு பாலிசில எழுதி வெச்சுட்டு, அந்த லேபிள ஃபைல்ல ஒட்டற ரீஸ்டோர்கான் ஓட்டினா ஷேர் தொறந்துடும். லேபிள நேரா மாத்தற சிஹெச்கான் வெச்சும் பண்ணலாம், ஆனா அது தற்காலிகம்தான், அடுத்த தடவ யாராவது ரீலேபிள் பண்ணா பாலிசில இருக்கற லேபிளுக்கே போயிடும், அதனால செமேனேஜ்தான் பண்ணணும்.

இங்க இன்னொரு சிக்கல் வரும், நெறைய பேர் மாட்டற எடமே இதான். அதே ஃபோல்டர அப்பாச்சியும் படிக்கணும், ஆனா சம்பா_ஷேர்_டி-ய அப்பாச்சி டீஃபால்ட்டா படிக்காது, பிரவுசர்ல 403 (அனுமதி இல்ல) வரும். அதுக்குன்னே பொதுவா ரெண்டு லேபிள் வெச்சிருக்காங்க, படிக்க மட்டும்னா பப்ளிக்_கன்டென்ட்_டி, எழுதவும் வேணும்னா பப்ளிக்_கன்டென்ட்_ஆர்டபிள்யூ_டி. ரெண்டாவத போட்டு எஸ்எம்பிடி_அனான்_ரைட்ங்கற பூலியன (பாலிசில இருக்கற ஆன்/ஆஃப் ஸ்விட்ச்) மட்டும் ஆன் பண்ணா சம்பா எழுதும், அப்பாச்சி படிக்கும் ஆனா எழுத முடியாது. வெப் பேஜ்ல நாளைக்கே ஓட்டை விழுந்தாலும் பார்ட்டியோட இன்வாய்ஸ எவனும் மாத்த முடியாது பாருங்க, எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம் இதான். நெட்ல தேடினா சம்பா_எக்ஸ்போர்ட்_ஆல்_ஆர்டபிள்யூ ஆன் பண்ணுங்கன்னு ஒரு வரில பதில் வரும், அது மொத்த சர்வரையும் சம்பாவுக்குத் தொறந்து விடற மாதிரி, தயவு செஞ்சு பண்ணாதீங்க.

அப்பறம் எம்வி (ஃபைல நகத்தறது), சிபி (காப்பி எடுக்கறது) கமாண்டு வித்தியாசம். சிபி பண்ணா ஃபைல் போற எடத்தோட லேபிள எடுத்துக்கும், எம்வி பண்ணா பழைய லேபிளோடயே வரும். ஹோம் ஃபோல்டர்லேர்ந்து பத்து ஃபைல எம்வி பண்ணிட்டு வெப்ல வரலன்னு மண்டைய ஒடச்சுக்கறவங்க நெறைய பேர், ஒரு ரீஸ்டோர்கான் போட்டா முடிஞ்சிடும்.

தண்டையார்பேட்டைல ஒரு டியூஷன் சென்டரோட வேர்ட்பிரஸ் சைட்டும் இதே மாதிரிதான் ஓடுது. அங்க அப்லோட்ஸ் ஃபோல்டருக்கு மட்டும் எழுதற லேபிள், மத்த கோட் எல்லாம் படிக்க மட்டும். அப்டேட் பண்றப்ப கொஞ்சம் கூடுதல் வேலைதான், பரவால்ல. டேட்டாபேஸ் வேற மெஷின்ல இருந்தாலோ மெயில் போகணும்னாலோ அதுக்குன்னு தனித்தனி பூலியன் இருக்கு, வேணுங்கறத மட்டும் ஆன் பண்ணலாம். முன்னாடி என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் வெச்சு பின்னாடி ஒரு ஆப்புக்கு அனுப்பறவங்களுக்கு 502 எர்ரர் வந்தா மொதல்ல ஹெச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_கனெக்ட் பூலியன பாருங்க.

குறைன்னா, பிரச்சனை வந்தா எஸ்இலினக்ஸ் தன் பேரையே சொல்லாது. விண்டோஸ்ல பர்மிஷன் இல்லங்கும், பிரவுசர்ல 403 வரும், அப்பாச்சி லாக்லயும் பர்மிஷன் டினைட்தான், உண்மை மட்டும் ஆடிட் லாக்ல இருக்கும், அங்க ஒரு வரிய பாத்தா புதுசா வர்றவங்களுக்கு தலையும் புரியாது வாலும் புரியாது. அத மனுஷன் படிக்கற மாதிரி சொல்றது எஸ்இஅலர்ட், ஆனா மினிமல் இன்ஸ்டால்ல அதுவும் வராது, செமேனேஜும் வராது, செட்ரபுள்ஷூட்-சர்வர், பாலிசிகோர்யூட்டில்ஸ்-பைத்தான்-யூட்டில்ஸ் ரெண்டு பேக்கேஜையும் நாமளே போடணும். இத டீஃபால்ட்டாவே குடுத்திருந்தா பாதி பேர் டிஸேபிள் பண்ணவே மாட்டாங்கன்னு நெனைக்கறேன். சில தடைங்க லாக்லயே வராது, செமாட்யூல் டிபி போட்டாதான் தெரியும். ஆடிட்2ஆலோங்கற கமாண்டு லாக்ல இருக்கறத எல்லாம் அப்படியே அனுமதிக்கற மாதிரி பாலிசி எழுதிக் குடுக்கும், படிக்காம லோடு பண்ணா ஆஃப் பண்ணதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. உபுன்டுல இதே வேலைக்கு வர்ற ஆப்ஆர்மர், ஃபைல் எந்த பாதைல (path) இருக்குங்கறத வெச்சு வேலை செய்யுது, படிக்க சுலபம்தான், ஒத்துக்கறேன், ஆனா ஒரே ஃபோல்டர ரெண்டு சர்வீஸ் வேற வேற அளவுல தொடற எடத்துல எனக்கு லேபிள்தான் நம்பிக்கையா இருக்கு.

ஒண்ணு தெளிவா சொல்லிடறேன், ஆபீஸ் பிசில ரான்சம்வேர் வந்தா இது காப்பாத்தாது. ஸ்டாஃபோட லாகின்லயே ஷேர்ல இருக்கற ஃபைல அது பூட்டும், சம்பாவ பொறுத்தவரைக்கும் அது முறையான எழுத்து. 2017 ஜூன்ல நாட்பெட்யாங்கற வைரஸ் வந்து மும்பை பக்கத்து ஜேஎன்பிடி துறைமுகத்துல மெர்ஸ்க் டெர்மினல் நின்னது ஹார்பர் லைன்ல இருக்கறவங்களுக்கு ஞாபகம் இருக்கும், அது விண்டோஸ்ல பரவினது. அதுக்கு தனியா, ஷேர்லேர்ந்து தொட முடியாத பேக்கப்தான் வேணும்.

காசு எதுவும் கெடையாது, அல்மா 9-க்கு 2032 மே வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் உண்டு. ரேட்டிங் அஞ்சுக்கு நாலு, ஒண்ணு கொறச்சது அந்த எர்ரர் மெசேஜுக்காக. ஏற்கெனவே ஆஃப்ல ஓடற சர்வர ஆன் பண்ணப் போறீங்கன்னா நேரா என்ஃபோர்சிங் போட்டுடாதீங்க, ஆஃப்ல இருந்தப்ப உருவான எந்த ஃபைலுக்கும் லேபிள் இருக்காது, பூட்டே ஆகாம போகலாம். பெர்மிசிவ் (தடுக்காம லாக்ல மட்டும் எழுதற மோட்) போட்டு, ரூட் ஃபோல்டர்ல (/) புள்ளில ஆரம்பிக்கற .autorelabel ஃபைல வெச்சு ரீபூட் பண்ணுங்க, ஃபைல் நெறைய இருந்தா நேரம் எடுக்கும் அதனால சனிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் மூடினப்பறம் பண்ணுங்க, கொஞ்ச நாள் ஆடிட் லாக் பாத்துட்டு அப்பறம் என்ஃபோர்சிங். அப்பவும் சம்பா மட்டும் தகராறு பண்ணா சம்பா ஓடற எஸ்எம்பிடி_டி-ய மட்டும் செமேனேஜ் பெர்மிசிவ்ல போட்டுட்டு மத்ததெல்லாம் என்ஃபோர்சிங்லயே விடலாம், ஆபீஸ் வேலையும் நிக்காது, வெப் சைடும் பூட்டியே இருக்கும்.