மானுக்கு ஃபுட் பிளாட் போட்டுத் தருகிறேன் என்று வருபவர்களிடம் ஜாக்கிரதை

வடக்கு மிச்சிகனில் நிலம் வாங்கிப் போட்டிருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2019-ல் மாநிலத்தின் கீழ்த் தீபகற்பம் (Lower Peninsula) முழுக்க, மானை வரவழைக்கச் சோளம், கேரட் கொட்டி வைப்பதற்குத் தடை வந்தது. மான் மேய்வதற்கென்றே செடிகளை விதைத்து வளர்க்கிற துண்டு நிலமான ஃபுட் பிளாட்டுக்குத் தடை இல்லை. அதனால் பலரும் அந்தப் பக்கம் திரும்ப, "உழுது, சுண்ணாம்பு போட்டு, விதைத்து, மின்வேலியும் கட்டித் தருகிறேன்" என்று டிராக்டரோடு கிளம்பியவர்களும் உண்டு. அப்படி ஒருவரிடம்தான் என் பணம் போனது.

பேசியது மான் விரும்பி மேயும் வெள்ளைக் குளோவர், சிக்கரி, டர்னிப் செடிகள். வந்தது வெறும் புல். பச்சைப்பசேலென்று பார்க்க ஜோராகத்தான் இருந்தது. மான்கள் அதைக் கடந்து பக்கத்து நிலத்துக் குளோவருக்குப் போயின. கேட்டால், "குளோவர் நல்லாத்தான் முளைச்சுது, மான் மேஞ்சுடுச்சு" என்கிறார். நல்லவேளை, விதைத்தவுடனேயே நடுவில் கம்பி வலையை வளையமாக நிறுத்தியிருந்தேன். மான் வாய் வைக்க முடியாத அந்த வளையத்துக்குள்ளும் அதே புல்தான்.

கொட்டகைக்குப் பின்னால் அவர் போட்டுவிட்டுப் போன காலிப் பைகள் கிடந்தன. முன்பக்கம் கொம்பு விரித்த ஆண் மான் படம். பை வாயில் தைத்திருந்த சின்னச் சீட்டில்தான் விஷயமே இருந்தது. எடையில் பாதிக்கு மேல் ஆன்யுவல் ரைகிராஸ் என்ற புல் விதை. 34 சதவீதம் 'இனர்ட் மேட்டர்', அதாவது விதைமேல் பூசிய பூச்சும் தூசியும். குளோவர் 5 சதவீதம். சிக்கரி, டர்னிப் பெயரே இல்லை. ரைகிராஸ் மலிவு, சீக்கிரம் முளைத்து இடத்தை மூடிவிடும், விதை உதிர விட்டால் களையாகப் பிடித்துக்கொண்டு எளிதில் போகாது.

மண்ணின் அமிலத்தைக் குறைக்கப் போடும் சுண்ணாம்புக்கும் பில் போட்டிருந்தார். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக விரிவாக்கப் பிரிவின் மண் பரிசோதனைக்கு அனுப்பினேன், பிஎச் (அமில-கார அளவு) 5.3, அதாவது அமிலம் அதிகம். குளோவருக்கு 6-க்கு மேல் வேண்டும். சுண்ணாம்பு வேலை செய்ய மாதக்கணக்காகும், சரி. ஆனால் போட்டதற்கான வெள்ளைத் தடம்கூட மண்ணில் எங்கும் இல்லையே!

செடி தேறும்வரை மானை வெளியே நிறுத்துவதற்கான மின்வேலி இன்னும் மோசம். வெளியே ஒரு கம்பி, மூன்றடி உள்ளே தள்ளி இரண்டு கம்பி என்று பேச்சு. தூரத்தைக் கணிப்பதில் மான் கொஞ்சம் தடுமாறும் என்பதால் இரட்டை வரிசையைத் தாண்டத் தயங்கும். இவர் கட்டியது ஒற்றை வரிசை. டெஸ்டர் வைத்தால் 900 வோல்ட். 4,000-க்கு மேல் இருந்தால்தான் மான் மதிக்கும். மின்சுற்று முழுமையாக மண்ணில் அடிக்கும் ஆறடி எர்த் ராட் குறைந்தது மூன்று அடிக்க வேண்டிய இடத்தில், மணலில் முழ நீளத்துக்கு ஒரு கம்பி. ஒரு கையால் இழுத்தேன், வந்துவிட்டது.

யாரிடம் வேலை கொடுத்தாலும், பையைப் பிரிக்கும் முன் சீட்டை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். விதைத் தொகுப்பின் லாட் எண்ணும் முளைப்புச் சோதனைத் தேதியும் அதில் தெரியவேண்டும். மண் பரிசோதனையை நீங்களே செய்யுங்கள், அவர் காட்டும் காகிதத்தை நம்பாதீர்கள். வேலியில் டெஸ்டர் வைத்துப் பார்க்கும்வரை மீதிப் பணம் கொடுக்காதீர்கள்.

நான் சீட்டோடு மாநில வேளாண் துறையில் புகார் கொடுத்திருக்கிறேன். அந்த ஆள் போனை எடுப்பதில்லை. ஜூலை கடைசியில் டர்னிப் விதைப்பு தொடங்கும் என்பதால் இப்போது வேறு பெயரில் விளம்பரம் ஓடுகிறது. அந்த விளம்பரப் படத்தில் இருப்பது என் நிலம்.