ஃபேமிலிசெர்ச்: காசு வேண்டாம், ஆனால் அதற்கு முறை தெரியாது

எட்டு மாதமாக, வம்சாவளி மரம் போடும் ஃபேமிலிசெர்ச் தளத்தில் எங்கள் வம்சத்தை ஏற்றிக்கொண்டிருக்கிறேன். முழுக்க இலவசம். மார்மன் சபை என்று சொல்கிறார்களே, அந்த அமெரிக்கத் திருச்சபை நடத்துவது. 1894-ல் யூட்டாவில் தொடங்கிய வம்சாவளிச் சங்கம்தான் இதற்கு வேர்.

எனக்கு இதில் ஆசை வந்ததே பாட்டியால். கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டாலுக்குக் கரும்பு வெட்டப் போய்த் திரும்பவே இல்லை என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவருடைய கொள்ளுப்பேத்தி டர்பனில் இருந்துகொண்டு இந்தப் பக்கத்து ஆட்களைத் தேடிக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. 1860 நவம்பர் 16-ல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு டர்பனில் கரை சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை அப்படிக் கூலி ஒப்பந்தத்தில் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அவர்களுக்குக் கப்பல் பட்டியல் இருக்கிறது: எண், பெயர், அப்பா பெயர், வயது, சாதி, உயரம், ஜில்லா, ஊர், உடம்பில் உள்ள அடையாளம் வரைக்கும். டர்பன் அக்கா அனுப்பிய பக்கத்தில் ஊர் 'சேயூர்' என்று இருந்ததால் செங்கல்பட்டுப் பக்கத்துச் செய்யூர் என்று நினைத்து இரண்டு வாரம் வீணாய்ப் போனது. ஜில்லா கட்டத்தில் வட ஆற்காடு, தாலுகா கட்டத்தில் ஆரணி என்று இருப்பதை அப்புறம்தான் பார்த்தேன். அது எங்கள் சேவூர். வலது முழங்காலுக்குக் கீழே வெட்டுத்தழும்பு என்று படித்ததும் பாட்டி, "அருவா பட்டதுன்னு எங்கம்மா சொல்லும்" என்றார்.

சரி, தளத்துக்கு வருகிறேன். இங்கே ஆளுக்கொரு மரம் கிடையாது, உலகத்துக்கே ஒரே மரம். இறந்துபோன ஒருவரின் பக்கத்தை நானும் திருத்தலாம், டர்பன் அக்காவும் திருத்தலாம். தூரத்துச் சொந்தங்கள் சேர்ந்து வேலை செய்ய இதைவிட வசதி எனக்குத் தெரிந்து இல்லை. தொல்லையும் இதேதான். எங்கள் சித்தப்பா ஒருவர் ஆர்வக் கோளாறில், ஒரே பெயர் கொண்ட தாத்தாவையும் பேரனையும் ஒரே ஆள் என்று இணைத்துவிட்டார். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வீடுகளில் இது நடக்கத்தான் செய்யும், பிரிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். இனிஷியலை அதில் போட்டால் பிறகு தேடும்போது கிடைக்காது. டர்பன் பக்கத்திலோ பெரியவரின் பெயரே குடும்பத்துக்கு சர்நேம் ஆகிவிட்டது, முதலி அங்கே 'மூட்லி' ஆனதுபோல எழுத்தும் மாறியிருக்கும். ஆகவே ஒரே பெயரை நாலு விதமாக எழுதித் தேட வேண்டும்.

உறவைக் காட்டும் வசதியும் உண்டு. டர்பன் அக்கா எனக்கு 'தேர்ட் கசின்' என்கிறது, அதாவது கொள்ளுத்தாத்தாக்கள் கூடப்பிறந்தவர்கள் என்கிற உறவு. பங்காளியா, மாமன் மச்சானா என்று கேட்டால் இரண்டுக்கும் அதே பதில்தான். பெண் கொடுத்து எடுக்கிற வீட்டில் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

டிஎன்ஏ சோதனையும் செய்தோம், அது வேறொரு நிறுவனம். அமெரிக்காவில் இருக்கும் தம்பி எச்சில் துப்பிக் கொடுத்தான். அந்தத் தளம் டர்பன் அக்காவை 'செகண்ட் கசின்' என்று ஒரு தலைமுறை கிட்டத்தில் கொண்டுவந்து வைத்தது. தாத்தா கட்டிக்கொண்டது தன் சொந்த அத்தை மகளை. அதனால் அந்தக் குடும்பத்து ரத்தம் எங்களுக்கு இரண்டு வழியில் வருகிறது, கணக்கு கூடத்தான் செய்யும். மெயில் போட்டுக் கேட்டேன், தளத்தின் கணக்குதான் சரி என்று பதில் வந்தது. அந்தக் காசு தண்டம்.

இன்னொன்று, உயிரோடு இருப்பவர்களின் பக்கம் சாதாரணமாக ஏற்றியவருக்கு மட்டும்தான் தெரியும். பாட்டியை நானும் ஏற்றியிருக்கிறேன், டர்பன் அக்காவும் ஏற்றியிருக்கிறாராம், ஒருவர் ஏற்றியது மற்றவருக்குத் தெரியாது. படங்களையும் பாட்டி பேசின ஒலிப்பதிவுகளையும் அதனால் வாட்ஸப்பிலேயே அனுப்பிக்கொள்கிறோம்.

ஐந்துக்கு நாலு.