ஜாப் ஒர்க் பட்டறையா, பெரிய கம்பெனி லைனா: அடுத்த கேட்டில் எந்த அனுபவம் செல்லும்?

ஐடிஐ முடித்து சிஎன்சி டர்னிங் (கம்ப்யூட்டர் லேத்தில் உலோகம் கடைவது) பக்கம் வருபவருக்குக் கோவையில் இரண்டு வாசல். ஒன்று கணபதி, பீளமேடு பக்கத்தில், பிறர் ஆர்டருக்குப் பாகம் கடைந்து தரும் ஜாப் ஒர்க் பட்டறை. மற்றது வண்டி உதிரிபாகம் செய்யும் பெரிய கம்பெனியின் லைன், அதாவது ஒரே பாகத்தைத் தொடர்ந்து அடிக்கும் இடம். கேன்டீன், பஸ், போனஸ் எல்லாம் கம்பெனியில்தான் மேல். ஆனால் வேலை மாறும்போது கூடவே வரும் கைத்தொழில் என்று பார்த்தால் என் ஓட்டு பட்டறைக்கே.

காரணம் செட்டிங், அதாவது புது பாகத்துக்கு மிஷினைத் தயார் செய்வது. லைனில் ஜாப்பை (கடையும் பீஸை) மாட்ட வேண்டும், சைக்கிள் ஸ்டார்ட் அழுத்த வேண்டும், கோ, நோ-கோ கேஜ் (அளவு சரியா, தவறா என்று மட்டும் காட்டும் கருவி) போட்டுப் பார்க்க வேண்டும். புரோகிராம் பூட்டியிருக்கும். ஆஃப்செட் (டூல் அளவுத் திருத்தம்) தட்டுவதுகூடப் பல இடங்களில் செட்டர் பொறுப்பு. இப்படியே 5 வருஷம் போனவரிடம் ட்ரேட் டெஸ்டில் (வேலைக்கு எடுக்கும் முன் வைக்கும் செய்முறைத் தேர்வில்) டிராயிங்கையும் வெறும் பாரையும் கொடுத்து, முதல் பீஸ் எடுங்கள் என்றால் திணறிப்போகிறார்.

பட்டறையில் ஜாப் அடிக்கடி மாறும். மாறும்போதெல்லாம் சாஃப்ட் ஜாவை (சக் என்ற பிடிப்பானில் ஜாப்பைக் கவ்வும் மென் தாடையை) ஜாப்பின் விட்டத்துக்கு போர் அடிக்க, அதாவது உட்பக்கம் கடைய வேண்டும். அதுவும் ஜாவுக்குள் ரிங் பிடித்து, ஜாப் ஓட்டப்போகும் அதே சக் பிரஷரில். பிரஷர் மாறினால் ஜா வேறு மாதிரி வளையும், ரன்-அவுட் (மையம் விலகிச் சுற்றுவது) வரும். சுவர் மெல்லிய ஜாப்பில் பிரஷர் கூடினால் சக்கில் வட்டமாக இருந்தது கழற்றியதும் வட்டம் கெட்டுவிடும். இதைக் கையால் கற்றவருக்கு எந்தக் கம்பெனி சக்கும் ஒன்றுதான். சிஎன்எம்ஜி 120408 இன்சர்ட் (டூலில் மாட்டும் வெட்டு முனை) என்றால் மூக்கு ஆரம் 0.8 மிமீ என்பதும் எங்கே போனாலும் மாறாது.

மாறுவது கன்ட்ரோல், அதாவது மிஷினை ஓட்டும் கம்ப்யூட்டர்; சீமென்ஸ், ஃபானுக் இரண்டும் அதைச் செய்யும் கம்பெனிகள். சீமென்ஸில் Z100 என்றாலே 100 மிமீ என்று பழகியவர் ஃபானுக்குக்கு வந்து புள்ளி வைக்காமல் Z100 என்று அடித்தால், வழக்கமான செட்டிங்கில் அது 100 மைக்ரான், அதாவது 0.1 மிமீ. டூல் பின்வாங்கியதாக நினைப்பார்; அது ஜாப் முகத்தை ஒட்டியே நிற்கும். அங்கேயே டரட் (டூல்கள் மாட்டிய சுழல் தலை) சுற்றினால் இடி. பாராமீட்டர் 3401-இல் கால்குலேட்டர் முறை போட்ட மிஷின் 100 மிமீ என்றே எடுத்துக்கொள்ளும். ஆகவே புது இடத்தில் எல்லா எண்ணுக்கும் புள்ளி வையுங்கள். முதல் ஓட்டத்தை சிங்கிள் பிளாக்கில் (ஒவ்வொரு வரியாக), ராப்பிடைக் (வெட்டாமல் நகரும் வேகத்தை) குறைத்து ஓட்டுங்கள்.

லைன்காரருக்கும் ஒரு பலம் உண்டு: கன்ட்ரோல் பிளான் (எதை எப்போது அளப்பது என்ற திட்டம்), சிபிகே (அளவு எல்லைக்குள் எவ்வளவு சீராக நிற்கிறது என்று காட்டும் எண்), ரிஜெக்ஷன் பதிவு. குவாலிட்டி பக்கம் போக நினைப்பவருக்கு இவை நேரடியாகக் கைகொடுக்கும். பட்டறையில் பெரும்பாலும் கிடைக்காது. இந்த அலசல் டர்னிங், விஎம்சி (செங்குத்து மிஷினிங் சென்டர்) வரைக்கும்தான். ஐந்து அச்சில் நகரும் 5-ஆக்சிஸ் மிஷினுக்கு இதை அப்படியே நீட்டத் தயக்கமாக இருக்கிறது.

ஏற்கெனவே லைனில் இருப்பவர் மாடல் மாறும் ஷிப்டில் செட்டர் கூடவே நிற்கக் கேட்டு வாங்குங்கள். மெட்டீரியல், இன்சர்ட் கிரேடு, ஸ்பீடு, ஃபீடு, எதனால் உடைந்தது என்று உங்கள் நோட்டில் எழுதுங்கள். ஆனால் டிராயிங்கைப் போட்டோ எடுக்காதீர்கள். அது கம்பெனி சொத்து.