ரிசேயும் ஹருகாவும்: நாலு வருஷம் விளையாடிய பிறகு

பெர்சோனா 4 கோல்டன் என்ற ஜப்பானிய வீடியோ கேமை 2021 கடைசியில் பழைய லேப்டாப்பில் ஏற்றினேன். அடுத்த வருஷம் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் போன காலத்தில், இலங்கையில் ஹட்டனுக்குப் பக்கத்தில் எங்கள் லயக் காம்பராவில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) பேட்டரி தீரும் வரை ஓடியது அதுதான். ஒருமுறை இறக்கிவிட்டால் அதற்கு அப்புறம் இணையம் அதிகம் தேவைப்படாது. டேட்டாவை எண்ணிச் செலவழிக்கிற எங்களுக்கு அது பெரிய விஷயம். மூன்று முறை முடித்துவிட்டேன். பிறகு யாக்குசா 5 என்ற இன்னொரு ஜப்பானிய கேம். இரண்டிலும் என்னை விடாமல் பிடித்தது அவற்றில் வரும் ரிசே, ஹருகா என்ற ஐடல் பிள்ளைகளின் கதை. ஐடல் என்றால் ஜப்பானில் ஆடிப் பாடி ரசிகர் கூட்டம் சேர்க்கும் இளம் பாடகி. கதை தெரிய வேண்டாம் என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெர்சோனாவில் ரிசே ஊரே அறிந்த பாடகி. களைத்துப்போய், இனாபா என்ற சின்ன ஊரில் பாட்டியின் டோஃபு கடைக்கு வந்துவிடுகிறாள். அங்கேயும் வேடிக்கை பார்க்கக் கூட்டம். தலையில் துணி கட்டி, ஏப்ரனோடு அவள் நிற்பதை என் பின்னால் இருந்து திரையில் பார்த்த என் தங்கச்சி, பிளேன்டீயைக் கீழே வைத்துவிட்டு, "பாவம், சிரிச்சு சிரிச்சு முகமே வலிச்சிருக்கும் அண்ணே" என்றாள். அவளுக்குத் தெரியும். கோயில் திருவிழாவில் அவள் பாடியதை யாரோ போனில் எடுத்துப் பரப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் பஸ்ஸில்கூடப் "பாடு, பாடு" என்று தொல்லை, கேட்காமலே போட்டோ. இப்போது மேடை ஏறுவதே இல்லை.

ரிசேயின் நிழல் உருவம், அதாவது அவள் மனசுக்குள் ஒளித்துவைத்ததெல்லாம் எடுத்த வடிவம், "உண்மையான என்னைப் பார்" என்று கத்துகிறது. கடைசியில் ரிசே கண்டுபிடிப்பது, உண்மையான ஒருத்தி தனியாக ஒளிந்திருக்கவில்லை, மேடையில் சிரித்தவளும் தான்தான் என்று. இந்த இடம் மூன்று முறையும் என்னை உலுக்கியது. ஆனால் அந்த நிழலை ஆடை அவிழ்க்கும் நடன விடுதியில் வைத்து, பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் உடம்பை நமக்கே காட்சியாக்கியது எனக்குப் பிடிக்கவில்லை. கண்டிக்கிற காரியத்தையே விளையாட்டும் செய்கிறது.

யாக்குசா 5இல் ஹருகாவாக நாமே விளையாடுகிறோம். ஒசாகாவில் நடனப் பயிற்சி, டிவி நிகழ்ச்சி, அப்புறம் ரசிகர்களோடு கைகுலுக்கும் நிகழ்வு. ஒவ்வொருவர் சொல்வதையும் கேட்டு, நேரம் முடிவதற்குள் சரியான பதிலைப் பொத்தானில் அழுத்த வேண்டும். பதினைந்து நிமிஷத்தில் எனக்கு விரலும் மனசும் சோர்ந்துவிட்டன. யாருக்கு எந்தச் சிரிப்பு என்று கணக்குப் போட்டது நான்தான். இந்த விளையாட்டு ஜப்பானில் வந்தது 2012 டிசம்பரில். 2014 மே மாதம் ஜப்பானின் இவாத்தேயில் ஏகேபி48 என்ற நிஜ ஐடல் குழுவின் கைகுலுக்கும் நிகழ்வில் ஒருவன் ரம்பத்தால் தாக்கி, இரண்டு பாடகிகளும் ஒரு ஊழியரும் காயப்பட்டார்கள். அதைப் படித்த பிறகு அந்தப் பகுதியை மறுபடி விளையாட மனம் வரவில்லை.

ஹருகாவை மேடையேற்றும் பார்க் மிரேய், அவளை வளர்த்த கிரியூவை விலகிப் போகச் சொல்கிறாள். அவர் முன்னாள் யாக்குசா, அதாவது ஜப்பானிய குற்றக் கும்பலில் இருந்தவர். வெளியே தெரிந்தால் அவள் கதை முடிந்துவிடும். அவரும் பெயரை மாற்றிக்கொண்டு ஃபுகுவோகாவில் டாக்ஸி ஓட்டுகிறார். ஒரு பிள்ளை பாட, அவள் வீடே இல்லாததாகிவிட வேண்டியிருக்கிறது. கடைசியில் டோம் அரங்கில் அத்தனை பேர் முன்னால் ஹருகா உண்மையைச் சொல்லிவிட்டு விலகுகிறாள். அதோடு நிம்மதி என்று நினைத்தேன். யாக்குசா 6இல் அந்தப் பேச்சு அவள் வளர்ந்த அநாதை இல்லம் வரை துரத்துகிறது. அங்கிருக்கும் பிள்ளைகளுக்குத் தன்னால் கஷ்டம் வரக்கூடாது என்று அவள் வெளியேறுகிறாள். இவ்வளவு கசப்பை மறைக்காமல் வைத்ததற்காகவே அந்தத் தொடரை மதிக்கிறேன்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று: யாக்குசா 5இல் ஹருகா மூன்றாம் பகுதியில்தான் வருவாள், அதற்கு முன் கிரியூ, சயேஜிமா என்ற இன்னொரு பாத்திரம் ஆகியோரின் கதைகளை முடிக்கப் பல நாள் ஆகும். பொறுமை இல்லாவிட்டால் பெர்சோனாவில் தொடங்குங்கள்.

கைகுலுக்கும் காட்சி வந்தால் தங்கச்சி எழுந்து போய்விடுவாள். ரிசே டோஃபு கடையில் நிற்கும் இடத்துக்கு அவளுக்காகத் தனியாக ஒரு சேவ் வைத்திருக்கிறேன்.