புகையில்லாக் கரியா, புகைபோக்கியா, கேஸா? எதில் எவ்வளவு தப்பிக்கலாம்

வீட்டில் நிலக்கரி எரிப்பவர்கள் அடுப்பை மாற்ற நினைக்கும்போது முதலில் பார்ப்பது புகையைத்தான். கண் எரிச்சல் குறைந்ததா, சுவரில் கரி படிவது நின்றதா, இருமல் அடங்கியதா, சரி, பிரச்சினை தீர்ந்தது என்று முடிவு கட்டிவிடுகிறோம். இந்தக் கணக்கு பாதிதான் சரி.

முதலில் எதிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சீனாவின் யூனான் மாகாணத்தில் சுவான்வெய் என்று ஓர் ஊர். அங்கே பெண்களில் சிகரெட் பிடிப்பவர்கள் மிகக் குறைவு, ஆனாலும் அவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் உலகிலேயே மிக அதிகமாக வந்த இடங்களில் அது ஒன்று. வீட்டுக்குள் குழி தோண்டி, புகைபோக்கி இல்லாமல், அதிகம் புகையும் நிலக்கரியை எரித்துச் சமைத்ததுதான் காரணம். அந்தப் புகையில் பென்சோபைரீன் போன்ற, புற்றுநோயைத் தூண்டும் பொருள்கள் ஏராளம். வீட்டு நிலக்கரிப் புகையை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில், அதாவது மனிதர்களுக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியானவற்றோடு வைத்திருக்கிறது. விறகுப் புகை அதற்கு ஒரு படி கீழே, 'அனேகமாகத் தரும்' பிரிவில். அதற்காக விறகுக்குத் திரும்புவதை நான் ஒரு வழியாகவே எண்ணமாட்டேன், நுண்துகள் அதிலும் கொட்டுகிறது.

சரி, புகையில்லாக் கரி, அதாவது ஆந்த்ரசைட். புற்றுநோயை மட்டும் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் மலைக்க வைக்கிறது. அதே சுவான்வெய்யில் புகையும் கரியை எரித்தவர்களில் ஏறக்குறைய 5-ல் ஒருவருக்கு 70 வயதுக்குள் நுரையீரல் புற்றுநோயால் சாகும் ஆபத்து இருந்தது. புகையில்லாக் கரி எரித்தவர்களுக்கு அது 0.5 சதவீதத்துக்கும் கீழே. ஆனால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு எங்கும் போய்விடவில்லை. அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் என்று சாதாரணக் காய்ச்சல் மாதிரி தொடங்கும், தூங்கிவிட்டால் எழுந்திருக்காமலே போகலாம். புகையும் கரியில் இருமலாவது எச்சரிக்கும்.

அடுத்து, கரித்தூளை அழுத்திச் செய்யும் பிரிக்கெட். மங்கோலியத் தலைநகர் உலான்பாதரில் 2019 மே மாதம் பச்சை நிலக்கரியை, அதாவது பதப்படுத்தாத கரியை, தடை செய்து பிரிக்கெட்டைக் கொடுத்தார்கள். குளிர்காலத்தில் வெளிக்காற்றில் நுண்துகள் குறைந்தது நிஜம். அதே நேரம் புது எரிபொருளுக்குப் பழகாத பழைய அடுப்புகளில் கார்பன் மோனாக்சைடு நச்சேறி ஆட்கள் இறந்ததும் நிஜம். இன்னொன்று, தூளைப் பிசையச் சேர்க்கும் களிமண். சீனாவின் குய்சோவில் களிமண்ணோடு பிசைந்த கரியை எரித்து, மேலே மக்காச்சோளத்தையும் மிளகாயையும் தொங்கவிட்டு உலர்த்தினார்கள். அதிலிருந்து கிளம்பிய ஃபுளோரைடு உணவில் படிந்து லட்சக்கணக்கானவர்களின் பல்லையும் எலும்பையும் கெடுத்தது. சில இடங்களில் கரியிலேயே ஆர்செனிக் இருந்ததால் மிளகாயில் அதுவும் ஏறியது. மூக்கு வழியாக வராததும் வயிற்றுக்குள் போகும் என்பதை யாரும் நினைப்பதில்லை.

கரியை மாற்ற வழியில்லையா, அப்போது புகைபோக்கி. என்னைக் கேட்டால் கையில் கொஞ்சம் காசு மட்டும் இருப்பவர் முதலில் செய்ய வேண்டியது இதுதான். சுவான்வெய்யில் புகைபோக்கி வைத்த அடுப்புக்கு மாறியவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் ஆண்களில் சுமார் 41 சதவீதமும் பெண்களில் சுமார் 46 சதவீதமும் குறைந்தது. இந்தப் பலன் தெளிவாகத் தெரியப் பத்து வருடம் போல ஆனது, அதனால் இன்று வைத்து நாளை பலன் தேடாதீர்கள். அப்புறம், சூடு வீணாகிறதே என்று இரவில் தணலை மூடி புகைபோக்கியின் வாயையும் அடைத்தால், காற்று போதாமல் கார்பன் மோனாக்சைடு அறைக்குள்ளேயே நிற்கும், அப்போது வாங்கியதே வீண். தெருவில் எல்லோரும் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 1952 டிசம்பர் லண்டன் போதும். அந்தப் புகைமூட்டத்துக்கு வீட்டுக் கணப்புகளின் கரிப் புகை ஒரு பெரிய காரணம், ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள்.

மண்ணெண்ணெயைப் பற்றி ஒரே வரி: 2014-இல் உலக சுகாதார அமைப்பு பச்சை நிலக்கரியை வீட்டில் எரிக்கவே கூடாது என்று சொன்ன அதே வழிகாட்டியில் மண்ணெண்ணெயையும் ஊக்குவிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது.

மிஞ்சுவது கேஸும் மின்சாரமும். கேஸில் நுண்துகள் மிகக் குறைவு, ஆனால் நைட்ரஜன் டை ஆக்ஸைடு வரும், ஆஸ்துமா உள்ள குழந்தை இருந்தால் ஜன்னலைத் திறந்துதான் சமைக்க வேண்டும். மின் அடுப்பில் அதுவும் இல்லை, எண்ணெய் காய்ந்து வரும் புகை மட்டுந்தான். செலவும் மின்வெட்டும் இடிக்காவிட்டால் என் தேர்வு மின்சாரம், இல்லாவிட்டால் கேஸ்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: சமையலை மட்டும் கேஸுக்கு மாற்றிவிட்டு, குளிருக்குப் பழைய கரி அடுப்பை அப்படியே படுக்கையறையில் வைத்திருப்பார்கள். சமையலுக்கு அடுப்பு எரிவது சில மணி நேரம், குளிருக்கு எரிவதோ ராத்திரி முழுக்க. கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் நான் படுக்கையறை அடுப்பைத்தான் முதலில் மாற்றுவேன், அதுவரை தலைமாட்டில் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம்.